மூன்றாவது திமில்

அவள் சிரித்துவிட்டாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நான் சிரிப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனி எழுதப்போவதெல்லாம் ஒரு நல்ல மனுஷி இன்னொரு நல்ல மனுஷியை நினைத்துப் பார்ப்பது மாதிரி ஆகிவிடும். அவள் பெயரை எழுதப்போவதில்லை. எங்கேயாவது குடும்பம், குழந்தை என்று இருப்பாள், அவளுக்கு எதற்குச் சங்கடம் என்றுதான்.

பெருமாநல்லூர் ரோட்டில் இருந்தது எங்கள் பனியன் கம்பெனி. கீழே கட்டிங், தையல், செக்கிங். மேலே ஆபீஸும் சாம்பிள் ரூமும். நான் மேலே. எம்.ஏ. ஆங்கில இலக்கியம், கல்லூரியில் முதல் ஆள், வேலை மெர்ச்சண்டைசர். அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் எங்கள் முதலாளிக்கும் நடுவில் நின்று மெயில் எழுதுகிற ஆள். அவள் கீழே, செக்கிங்கில். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், பத்தாவதோடு நின்ற படிப்பு. தைத்து வருகிற சட்டையைப் பெரிய மேஜையில் விரித்து, நின்றுகொண்டே திருப்பித் திருப்பிப் பார்த்து, பிசிறு வெட்டி, தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இருந்தாலும் என்னை ‘எக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். மேலே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாருமே அவளுக்கு அக்காதான்.

எங்கள் பக்கத்தில் பேச்சின் வாலில் ‘ங்க’ போடாமல் விட்டால் ஒன்று கோபம், இல்லாவிட்டால் ரொம்ப நெருக்கம். நான் வாட்ச்மேனுக்கு ‘ங்க’ போடுவேன், டீக்காரருக்குப் போடுவேன். அவளுக்கு மட்டும் போட்டதில்லை. நெருக்கம் என்று நினைத்துக்கொள்ளட்டுமே என்று விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் கழிந்திருக்கும். எங்களுக்கு ஒரு கார்ட்டூன் ஆர்டர் வந்தது. குழந்தைகள் கார்ட்டூன் இல்லை, பெரியவர்கள் பார்த்துச் சிரிக்கிற டி.வி. காமெடி. ஏதோ ஒரு குளிர்நாட்டில், ஏழாவது மாடி ஃப்ளாட்டில் குடியிருக்கிற ஒட்டகக் குடும்பம். அப்பா ஒட்டகம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறது, லிஃப்டுக்குள் அதன் திமில் மாட்டிக்கொள்கிறது, இப்படி. நிறமெல்லாம் சரியாக வர வேண்டும் என்று பையர் அந்தத் தொடரின் சி.டி.க்களை ஒரு டப்பா நிறைய அனுப்பியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாம்பிள் ரூம் கம்ப்யூட்டரில் அதைப் போடுவோம். சாம்பிள் டெய்லர் அண்ணன், இன்னும் இரண்டு பேர், எல்லாருக்கும் நான்தான் உரையாசிரியர். ஒரு வசனம் வரும், நிறுத்துவேன், தமிழில் சொல்வேன், எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கே கிடைத்த மாதிரி இருக்கும்.

ஒரு நாள் அவள் தைத்து முடித்த பீஸ் ஒன்றைக் கொடுக்க மேலே வந்தாள். திரையில் அப்பா ஒட்டகம் ஒரு ரயில் நிலையத்தில் குடையை விரித்துக்கொண்டு நிற்கிறது. புகை. ரயில் வருகிறது, போகிறது. ஒட்டகம் குடையை மடக்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டுகிறது. வசனமே கிடையாது. எப்போது பேசுவார்கள், எப்போது நான் மொழிபெயர்க்கலாம் என்று காத்திருந்தேன். பின்னால் ‘ஹிக்’ என்று ஒரு சத்தம். அவளுக்குச் சிரிப்பு அப்படித்தான் வரும். முதலில் மூக்கு சுருங்கும், பிறகு விக்கல் மாதிரி ஒன்று, அதற்குப் பிறகுதான் சிரிப்பு.

“என்ன புரிஞ்சுதுன்னு சிரிக்கற?” என்றேன்.

“இது அந்த ரயில் சீன்லா, எக்கா?”

எந்த ரயில் சீன்? அவள் சொன்னாள். அவள் அப்பா ஊரில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். அம்மா மீன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவாள் என்பதால் இவள் வளர்ந்ததே ஆபரேட்டர் ரூமில்தான். படம் விழுகிற ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்ன ஓட்டை, அதில் கண்ணை வைத்துக்கொண்டு ஒரே படத்தை முப்பது தடவை, நாற்பது தடவை பார்ப்பாள். மெஷின் சத்தத்தில் வசனம் கேட்காது. அதனால் யார் எங்கே நின்றார்கள், குடையை எந்தக் கையில் பிடித்தார்கள் என்பதெல்லாம் அப்படியே மனசில் ஒட்டிக்கொண்டது. ஒரு தமிழ்ப் படத்தில் கதாநாயகன் இதே மாதிரி குடையோடு நின்று, இதே மாதிரி தட்டுவானாம். பின்னால் அதே கொட்டகையில் காலைக் காட்சியாக ஒரு பழைய வெளிநாட்டுக் கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. அதிலும் குடை, அதிலும் அந்தத் தட்டு.

“நம்மாளு அதுலருந்து சுட்டுருக்கான். இந்த ஒட்டகமும் அதத்தான் செய்யுது.”

“அப்ப இதுவும் காப்பிதான?” என்றேன், கொஞ்சம் ஜெயித்த மாதிரி.

“இல்ல எக்கா. திருடுனவன் ஒளிச்சு வைப்பான். இது நம்மளப் பாத்துக் கண்ணடிக்குதுல்லா. ‘ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்’னு.”

அன்று சாயங்காலம் பிரௌசிங் சென்டருக்குப் போய்த் தேடினேன். அந்தத் தொடரின் ரசிகர்கள் எழுதி வைத்திருந்த ஒரு பக்கம் கிடைத்தது. ரயில் காட்சி இன்ன பழைய படத்தைக் கேலி செய்கிறது என்று அவள் சொன்னதையே எழுதியிருந்தார்கள். தமிழ்ப் படத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியவில்லை. அதாவது அவளுக்கு அவர்களைவிட ஒன்று கூடுதலாகத் தெரிந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைக்கு வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை, பொறாமையேதான்.

கல்லூரியில் இதற்குப் பின்நவீனத்துவம் என்று ஒரு தாளே இருந்தது. ஒரு பிரதிக்குள் இன்னொரு பிரதி வந்து உட்கார்ந்துகொள்வதற்குத் தமிழில் ‘ஊடிழைப் பிரதி’ என்று ஒரு சிறுபத்திரிகையில் படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மறுநாள் சாம்பிள் ரூமில் எல்லாரும் இருக்கும்போது அந்தச் சொல்லை எடுத்து வீசினேன். முதலாளி அப்போதுதான் உள்ளே வந்தார்.

“ஊடிழைங்களா? அது எத்தனாம் நம்பர் நூலுங்க அம்மிணி? நம்ம மெஷின்ல ஓடுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பீஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, “இந்தத் துணிக்குள்ள வேற ஒரு துணியோட நூலும் ஓடுதுன்னு சொல்லுதாவ, அவ்வளவுதான எக்கா?” என்றாள். இரண்டு வருஷம் படித்து, மூன்று மணி நேரம் பரீட்சை எழுதி நான் சொல்லாததை அவள் ஒரு பனியனைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

கார்ட்டூனில் மட்டும் இல்லை. எதைப் பார்த்தாலும் அது எங்கிருந்து வந்தது என்பதுதான் அவளுக்கு முதலில் தெரியும். புது சாம்பிள் வந்தால், “இந்தக் கழுத்து போன வருஷ நைட்டியிலருந்து வந்ததுலா” என்பாள், பழைய சாம்பிளை எடுத்து வைத்துப் பார்த்தால் அதேதான். செக்கிங் மேனேஜர் கோபத்தில் கையை ஓங்குவது முதலாளியைப் பார்த்து, முதலாளி ஓங்குவது அவருடைய அப்புச்சித் தாத்தா போட்டோவில் இருக்கிற மாதிரி என்பாள். அந்த போட்டோ ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தது. நான் தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் மெயில் அடித்தேன், பார்த்ததில்லை.

ஒரு தடவை நான் பையர் ஆபீஸ் அம்மா ஒருவரோடு ஸ்பீக்கர் போனில் பேசி முடித்தேன். அவள் வாசலில் நின்றிருந்தாள். “எக்கா, போன்ல பேசும்போது நீங்க அந்தம்மா மாதிரியே இழுத்து இழுத்துப் பேசுதிய” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரித்தான் சொன்னாள். அன்றைக்கு நான் சி.டி. டப்பாவை என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். ஆபீஸ் பொருள், எல்லாரும் தொடக் கூடாது என்று சொன்னேன். அதற்குப் பிறகு நானும் அதைப் பார்க்கவில்லை. அவள் இல்லாமல் பார்த்தால் எங்கே சிரிப்பதென்று தெரியவில்லை.

அந்த அம்மா, அதாவது பையரின் டிசைனர், ஒரு நாள் நேரிலேயே வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். சாம்பிள் ரூமில் ஒரு பிரிண்டை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா ஒட்டகம் வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து தலையை நீட்டுகிற படம். பின்னால் ‘ஹிக்’. டிசைனர் திரும்பினார். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அவள் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை உருட்டி, ஏதோ ஒரு பழைய பேய்ப்படத்துக் கதவிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். டிசைனர் கைதட்டி ஒரு படத்தின் பெயரைச் சொன்னார். பிறகு அவர் ஒன்று நடித்துக் காட்டினார், அதற்கு இவள் விக்கினாள். இருபது நிமிஷம் இப்படியே போயிற்று. மொழிபெயர்க்க வந்த நான் மொழிபெயர்க்க ஒன்றுமில்லாமல் பிரிண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இவர் உங்கள் டீமில் என்னவாக இருக்கிறார்?” என்று டிசைனர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஹெல்பர்” என்றேன்.

அன்று சாயங்காலம் அவள் படிக்கட்டில் எனக்காகக் காத்திருந்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். நின்று நின்றே வேலை செய்து நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டிருந்தது. “டாக்டர் உக்காந்த வேல பாக்கச் சொல்லுதாரு எக்கா. மேல ஆள் எடுக்கப் போறாவளாம்லா. மொதலாளி கேட்டா எனக்காக ஒரு வார்த்த சொல்லுவியளா?”

“பாக்கலாம்” என்றேன்.

மறுநாளே முதலாளி கேட்டார். “ஏனுங்க அம்மிணி, அந்தப் புள்ளைய மேல எடுத்துக்கலாங்களா? அந்தம்மா போறப்பக்கூட அதையேதான் சொல்லீட்டுப் போச்சு.”

“எடுத்துக்கலாமுங்க. ஆனா மெயில் வந்தா படிக்கோணுமில்லீங்க. பத்தாவதுதானுங்களே.”

“அதுஞ் சரித்தானுங்க” என்று அவர் போய்விட்டார். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அந்தச் சட்டையின் ஆர்டர் வந்தது. தொடரில் ஒரு கதை. அப்பா ஒட்டகம் நடைபாதைக் கடையில் தன் குடும்பத்தின் படம் போட்ட டூப்ளிகேட் சட்டை ஒன்றைப் பார்க்கிறது. எவனோ அவசரத்தில் அடித்த சட்டை. படத்தில் ஒட்டகத்துக்கு இரண்டு திமிலுக்குப் பதில் மூன்று, ஒட்டகம் என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து அதிகம், கழுத்து லேபிள் வெளிப்பக்கம் தைத்திருக்கிறது. ‘நானும் டூப்ளிகேட் வருகிற அளவுக்குப் பெரிய ஆளாகிவிட்டேன்’ என்று அப்பா ஒட்டகம் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு கதை முழுக்கச் சுற்றுகிறது. அந்தப் போலிச் சட்டை அப்படியே, அசல் லைசென்ஸோடு வேண்டும் என்பதுதான் ஆர்டர். ரசிகர்கள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒருவரைப் பார்த்து ஒருவர் கண்ணடித்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. சி.டி. என் டிராயரில் பூட்டிக் கிடந்தது. எனக்குத் தெரிந்தது படத்தில் மூன்று தப்பு இருக்கிறது என்பதுதான். முன்பு ஒரு ஆர்டரில் பையருடைய எழுத்துப்பிழையை நான் கண்டுபிடித்ததற்கு வந்த பாராட்டு மெயிலைப் பிரிண்ட் எடுத்து எனக்கு முன்னால் ஒட்டி வைத்திருந்தேன். இந்தத் தடவை நேரம் குறைவு, தனியாக அப்ரூவல் வேண்டாம், படத்தில் உள்ளபடியே போங்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் பிரிண்டிங்காரருக்குப் போன் போட்டு, “ஒரு திமில எடுத்துருங்க, ஒரு எழுத்த எடுத்துருங்க” என்றேன். லேபிளை உள்ளே தைக்கச் சொன்னேன். பையருக்கு அப்புறமாக ஒரு மெயில் போட்டுப் பாராட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

முதல் லாட் தைத்துக் கீழே செக்கிங்குக்கு வந்தது. அரை மணி நேரத்தில் அவள் மேலே வந்தாள். கையில் ஒரு சட்டை. ஒட்டகத்தின் முதுகுக்கு மேலே, ஒன்றுமே இல்லாத வெற்று இடத்தில், சிவப்பு அம்பு ஒட்டியிருந்தாள்.

“எக்கா, இதுல தப்பு இல்ல.”

“இல்லீன்னா பாஸ் பண்ணு. அதுக்கு ஸ்டிக்கர் எதுக்கு?”

“தப்பு இருக்கணும்லா. யாரோ அத எடுத்துட்டாவ.”

டப்பாவைப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் நீங்கள் பிரிண்டிங் யூனிட்டுக்குப் போயிருந்தபோது டெய்லர் அண்ணன் இந்தக் கதையைப் போட்டார், நான் பார்த்தேன் என்று ஆரம்பித்து, அப்பா ஒட்டகம் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற மாதிரி நடந்தே காட்டினாள். அவள் பாதி நடக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பிரிண்டிங்கை நிறுத்த நேரமும் இருந்தது. நிறுத்தியிருந்தால் ஏன் நிறுத்தினாய் என்று முதலாளி கேட்டிருப்பார், யார் கண்டுபிடித்தது என்று கேட்டிருப்பார். அவளுக்கு நாற்காலி போட்டிருப்பார், அதுவும் என் மேஜைக்குப் பக்கத்திலேயே.

“உன்ற வேலை பிசிறு வெட்டறது. போய் அதைப் பாரு” என்றேன்.

அவள் சட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதை அம்போடு சேர்த்து டிராயரில் சி.டி.க்களுக்கு மேலே வைத்துப் பூட்டினேன். தப்பில்லாத சட்டையை யார் வேண்டாம் என்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேண்டாம் என்றார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் படத்தையும் சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தலையாட்டினார், அத்தனை பெட்டியும் நின்றுபோயிற்று. முதலாளி கீழே எல்லாரையும் கூட்டினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. குரல் இறங்கினால்தான் பயம்.

“அம்மிணி தப்புன்னு நெனச்சு திருத்தீருச்சு, செரி. செக்கிங்ல இத்தன பேரு இருக்கறீங்க, அந்தக் கார்ட்டூனப் பாத்தவங்களும் இருக்கறீங்க. ஒருத்தருக்குமாங்க தெரியல? மேல வந்து ஒருத்தர் சொல்லியிருந்தாப் போதுமில்லீங்க?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “யாரும் சொல்லலீங்க” என்றேன்.

அவள் இரண்டாவது மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். மூக்கு சுருங்கியது. விக்கல் வரவில்லை. மெதுவாக, எனக்கு மட்டும் சொல்கிற மாதிரிச் சொன்னாள்: “இந்த சீன நான் பாத்துருக்கேன்.”

“அந்தப் புள்ள என்னுங்க சொல்லுது?” என்றார் முதலாளி. அவருக்கு அவள் பேச்சு எப்போதும் பாதிதான் புரியும்.

இங்கேயும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். “ஏதோ சினிமாவப் பத்திங்க” என்றேன்.

“இங்க சரக்கு நிக்குது. சினிமாவா?” அவர் அவளைப் பார்த்த பார்வையில் அந்த நாற்காலி அன்றோடு முடிந்தது. அவள் என் டிராயரைத் திறக்கச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. அதிலும் அவள்மேல் எனக்குக் கோபம்தான்.

சனிக்கிழமை அவள் வேலையிலிருந்து நின்றுகொண்டாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, என்ன நினைத்தேனோ, கேட் வரைக்கும் இறங்கிப் போனேன். டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துகொண்டிருந்தாள்.

“போயிட்டு வாங்க” என்றேன்.

திரும்பினாள். ‘ஹிக்.’ பிறகு நன்றாகவே சிரித்தாள்.

“இந்த ‘ங்க’ எங்கருந்து வந்துச்சு எக்கா?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

என் சட்டைகள் திருப்பூர்ச் சந்துக் கடைகளில் குவியலாக வந்து விழுந்தன. ஊரில் பாதிப் பேர் எழுத்துப்பிழை இல்லாத ஒட்டகத்தோடு திரிந்தார்கள். நான் அங்கே ரொம்ப நாள் இருக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு பையிங் ஆபீஸில் இண்டர்வியூ. கார்ட்டூன் சரக்கு பார்த்திருக்கிறீர்களே, காப்பிக்கும் கேலிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் சொன்னேன்: திருடுகிறவன் ஒளித்து வைப்பான், கேலி செய்கிறவன் கண்ணடிப்பான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நன்றாக இருக்கிறதே, எங்கே படித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். என்னுடையதுதான் என்றேன். வேலை கிடைத்தது.

இப்போதும் மகளோடு உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கிறேன். வசனம் இல்லாத இடத்தில் திடீரென்று எனக்கு மூக்கு சுருங்கும், விக்கல் மாதிரி ஒன்று வரும், அப்புறம் சிரிப்பேன். “இதுல என்னம்மா ஜோக்கு?” என்று மகள் கேட்பாள். எனக்குத் தெரியாது. இந்த இடத்தில் அவள் சிரித்திருப்பாள் என்பது மட்டும்தான் தெரியும். “நீ ஏம்மா இப்படி விக்கிக்கிட்டே சிரிக்கிற?” என்று ஒரு நாள் கேட்டாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் கண்ணு என்றேன்.

இவ்வளவு எழுதியும் அவள் பெயரை எங்கேயும் எழுதவில்லை. சங்கடம் அவளுக்கு என்று ஆரம்பத்தில் சொன்னேன். அவளுக்கு என்ன சங்கடம்? பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான்கே எழுத்து.